ஃபார்மட் போடுவதற்கு முன்னால்!

புதிய விண்டோஸுக்கு மாறியதும் ஹேங் ஆகும் கணினிகள்: கோளாறு எங்கே, தேடுவது எப்படி? காரைக்கால் மேசைகளிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட்கள் அன்றோடு நின்றன. 2015 ஜூலையில் வெளிவந்து பத்தாண்டு ஓடிய இயங்குதளம் அது. காரைக்கால் பாரதியார் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கும், வருமானச் சான்றுக்கும் குடியிருப்புச் சான்றுக்கும் விண்ணப்பித்துத் தரும் ஆன்லைன் சென்டருக்கும், நெடுங்காட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைக்கும், திருமலைராயன்பட்டினத்தில் டியூஷன் எடுக்கும் வீட்டுக்கும் கைப்பழக்கமாகிப்போன திரை. இப்போது விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்கிறார்கள். மாறுகிறவர்களில் ஒரு பகுதியினர் சொல்லும் புகார் ஒன்றுதான்: “நல்லா ஓடிக்கிட்டிருந்த சிஸ்டம்ணே, அப்கிரேடு பண்ணதுலேர்ந்து ஹேங் ஆகுது.”

கடையில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஃபார்மட் போட்டுடலாமா? டேட்டா எதுவும் வேணுமா?”

ஃபார்மட் சில நேரம் கோளாறை விரட்டிவிடும். ஆனால் எது கோளாறு என்று அது சொல்லாது. காரணம் மதர்போர்டின் பயாஸிலோ, தேய்ந்துபோன வட்டிலோ, பொருந்தாத ஒரு டிரைவரிலோ இருந்தால் அடுத்த வாரமே அதே உறைவு திரும்ப வரும். அதற்குள் ஐந்து வருடக் கணக்கும் குடும்பப் படங்களும் போயிருக்கும். அப்கிரேடுக்குப் பிறகு ஹேங் ஆன பெரிய சம்பவங்களைத் திரும்பிப் பார்த்தால், நோயைக் கண்டுபிடித்த பிறகு மருந்து மிகச் சிறியதாகவே இருந்திருக்கிறது.

2016 ஆகஸ்ட்: ஒரு முன்கதை

விண்டோஸ் 10 வெளிவந்து ஓராண்டு ஆனதைக் கொண்டாட, 2016 ஆகஸ்ட் 2 அன்று ‘ஆனிவர்சரி அப்டேட்’ வந்தது. போட்ட சிலருடைய கணினிகள் உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றன. எல்லோருக்கும் அல்ல. நின்ற கணினிகளுக்குள் ஓர் ஒற்றுமை இருந்தது: விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில் இருந்தது, செயலிகளும் கோப்புகளும் வேறொரு வட்டில் இருந்தன. வேகத்துக்குச் சின்னதாக ஓர் எஸ்.எஸ்.டி., இடத்துக்குப் பழைய ஹார்ட் டிஸ்க் என்று செலவைப் பார்த்துப் பொருத்தும் நம் ஊர்க் கணினிகளின் அமைப்பும் இதேதான்.

அந்தக் கணினிகள், மிக அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் உறையவில்லை. மைக்ரோசாஃப்டே இதை அறிவிப்பில் குறிப்பிட்டது. சேஃப் மோடுக்குள் போய், வேறு வட்டுக்கு மாற்றியிருந்த செயலிகளை விண்டோஸ் இருக்கும் வட்டுக்கே திரும்பக் கொண்டுவரலாம். அல்லது பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றது. ஆகஸ்ட் இறுதியில் வந்த ஓர் அப்டேட் சிக்கலைத் தீர்த்தது. பொறுத்திருந்தவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை. முதல் வாரமே ஃபார்மட் போட்டு அதே பதிப்பை ஏற்றி, செயலிகளைப் பழையபடி இரண்டாவது வட்டுக்கு மாற்றியவர்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்ந்தார்கள்.

அதே அப்டேட் இன்னொரு வம்பையும் கொண்டுவந்தது. வெப்கேமராக்கள் அனுப்பும் படத்தைச் சில சுருக்க வடிவங்களில் செயலிகளுக்குக் கொடுப்பதை விண்டோஸ் நிறுத்திவிட்டது. விளைவு, ஸ்கைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் அசையாமல் நின்றது. காரைக்கால், பிரான்சில் உறவுகள் உள்ள குடும்பங்கள் நிறைந்த ஊர். ஸ்கைப்பில் முகம் பார்த்துப் பேசிய காலத்தில் இப்படி நின்றால், யாரும் முதலில் திட்டுவது இன்டர்நெட்டைத்தான். அப்போது குறை கேபிளிலும் இல்லை, கேமராவிலும் இல்லை.

எப்படி உறைகிறது என்று பாருங்கள்

‘ஹேங்’ என்ற ஒரே வார்த்தைக்குள் குறைந்தது மூன்று வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. பிரித்துப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். உறைந்த கணினியில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள்.

விளக்கு மாறி மாறி எரிகிறது, மவுஸ் அம்பும் நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை என்றால் விண்டோஸின் மையம் உயிரோடுதான் இருக்கிறது. மேலே ஓடும் ஏதோ ஒரு செயலியோ வட்டோ தடுக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எது மொத்தத்தையும் விழுங்குகிறது என்று தெரியும். அங்கே ‘டிஸ்க் 100 சதவீதம்’ என்று நின்றால் பதற வேண்டாம். அப்கிரேடு முடிந்த முதல் நாளில் விண்டோஸ் தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டும், டிரைவர்களை இறக்கும், ஆன்டிவைரஸ் எல்லாக் கோப்பையும் மறுபடி சோதிக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு இது பெரும் சுமை. ஓர் இரவு முழுக்க மின்சாரத்தில் போட்டு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

விளக்கு மாறுகிறது, திரை மட்டும் கல்லாக நிற்கிறது என்றால் சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர்மேல். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ‘பி’ (B) எழுத்தைத் தட்டினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திரை ஒருமுறை சிமிட்டி உயிர் பெற்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

கேப்ஸ் லாக் விளக்கே அசையவில்லை, பாட்டு ஓடியிருந்தால் ஒரே ஒலி இழுபட்டு நிற்கிறது என்றால் கோளாறு அடியில் இருக்கிறது. மையத்தோடு ஒட்டிய டிரைவர், ரேம், வட்டு, பயாஸ், மின்சாரம் என்று அங்கேதான் தேட வேண்டும்.

சேஃப் மோட் என்ற தராசு

அடுத்த கேள்வி ஒன்றே ஒன்று: சேஃப் மோடிலும் உறைகிறதா?

சேஃப் மோடில் விண்டோஸ் தன் உயிர்நாடியான டிரைவர்களோடு மட்டும் எழுகிறது. கிராஃபிக்ஸுக்குக்கூட எளிய பொது டிரைவர்தான். வெளியார் செயலிகள் எழாது. அங்கே அரை மணி நேரம் உறையாமல் ஓடினால் ரேமும் வட்டும் மதர்போர்டும் பெரும்பாலும் நலம். பிசகு ஒரு டிரைவரிலோ தானாக எழும் ஒரு செயலியிலோ இருக்கிறது. அங்கேயும் உறைந்தால் மென்பொருளை விட்டுவிட்டு வன்பொருளைப் பாருங்கள். ஃபார்மட்டுக்கு ஆகும் நேரத்தில் கால் பங்கில் இந்த விடை கிடைத்துவிடும்.

நுழைவது எளிது. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் நீலத் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்து 4-ஐத் தட்ட வேண்டும். உள்ளேயே நுழைய முடியவில்லையா? எழும்போது பவர் பொத்தானை அழுத்தி அணைப்பதை அடுத்தடுத்துச் சில முறை செய்தால், விண்டோஸே சந்தேகப்பட்டு அந்த நீலத் திரையைக் காட்டும். பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப் என்றால் ஓர் எச்சரிக்கை: பிரெஞ்சு விசைப்பலகையில் ‘ஏ’ இருக்கும் இடமும் ‘க்யூ’ இருக்கும் இடமும் மாறியிருக்கும். மீட்புத் திரை விசைப்பலகை எது என்று கேட்கும்போது தவறாகச் சொன்னால், சரியான பாஸ்வேர்டும் தவறென்றே வரும்.

சேஃப் மோடில் ஓடுகிறது, வழக்கமான முறையில் உறைகிறது என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. வீட்டில் டிரிப்பர் விழுந்தால் எலக்ட்ரீஷியன் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பாரே, அதே வேலைதான் இனி. ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ திரையில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு மற்றவற்றை நிறுத்துங்கள். உறைவு நின்றால் பாதியை மட்டும் திரும்ப இயக்குங்கள். உறைந்தால் அந்தப் பாதியில், உறையாவிட்டால் மறு பாதியில். முப்பது சேவைகள் இருந்தாலும் ஐந்தாறு முறை ரீஸ்டார்ட் செய்வதற்குள் ஒன்றில் வந்து நிற்கும். டி.டி.பி. கடைகளில் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள், ஆன்லைன் சென்டர்களில் விரல்ரேகைக் கருவியின் டிரைவர், ஆடிட்டர் அலுவலகங்களில் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், எல்லா இடத்திலும் பழைய பிரிண்டர். முதலில் விசாரிக்க வேண்டியவை இவை.

விண்டோஸே எழுதிவைக்கும் நாட்குறிப்பும் உண்டு. ஸ்டார்ட்டில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடினால் நாள்வாரியாக எது எப்போது விழுந்தது, அன்று எது நிறுவப்பட்டது என்று வரிசையாகக் காட்டும். ஈவன்ட் வியூயரில் 41 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முறையாக அணைக்காமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தி அணைத்தது நீங்கள்தான். வட்டின் பெயரோடு 7 வந்தால் வட்டில் கெட்ட பகுதி இருக்கிறது. 129 வந்தால் வட்டு பதில் சொல்லாமல் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. இந்த இரண்டில் எது வந்தாலும் வேறு எதையும் செய்வதற்கு முன் கோப்புகளை நகலெடுங்கள்.

பழைய பாகம், புதிய தளம்

புதிய இயங்குதளம் பழைய பாகங்களிடம் இதுவரை யாரும் கேட்காத வேலையைக் கேட்கிறது. விண்டோஸ் 11 வேண்டும் என்று சொல்லும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.எம்.டி. கணினிகள் பலவற்றில் அது தனிச் சில்லாக இல்லாமல் ஃபர்ம்வேரில் இருக்கிறது. அதை இயக்கிய சிலருக்குக் கணினி அவ்வப்போது கணநேரம் நின்று நின்று ஓடியது. மதர்போர்டின் ஃபிளாஷ் நினைவகத்தோடு அந்த டி.பி.எம். நடத்தும் போக்குவரத்துதான் காரணம் என்று 2022 மார்ச்சில் ஏ.எம்.டி. ஒப்புக்கொண்டது. தீர்வாக வந்தது பயாஸ் அப்டேட். விண்டோஸை எத்தனை முறை அழித்து ஏற்றியிருந்தாலும் அது தீர்ந்திருக்காது.

2024 அக்டோபரில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்.என். 770, எஸ்.என். 580 வகை எஸ்.எஸ்.டி.கள் சில நீலத் திரையில் விழுந்தன. சொந்த நினைவகம் இல்லாத அந்த வட்டுகள் கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கி ஓடுபவை. பழைய விண்டோஸ் 64 எம்.பி.யோடு நிறுத்தியது, புதியது 200 எம்.பி. வரை கொடுத்தது. கூடுதலாகக் கிடைத்ததை வட்டின் ஃபர்ம்வேரால் கையாள முடியவில்லை. இங்கும் மருந்து வட்டு நிறுவனம் வெளியிட்ட ஃபர்ம்வேர் அப்டேட்தான். அதற்கு முன் 2019 ஏப்ரலில், விண்டோஸ் 7, 8.1-க்கு வந்த மாதாந்திர அப்டேட் சோஃபோஸ், அவாஸ்ட், அவிரா ஆன்டிவைரஸ்கள் இருந்த கணினிகளை எழும்போதே உறையவைத்தது. அங்கே குற்றவாளி ஆன்டிவைரஸும் அப்டேட்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது.

தகுதியில்லாத கணினியில் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றித் தரும் கடைகள் எங்கும் உண்டு. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. ஏற்றினால் ஓடலாம், ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளில் 24எச்2 எழவே எழாது. அது கேட்கும் ஒரு கட்டளை அந்த பிராசசர்களில் இல்லை.

உப்புக் காற்றும் ‘ஷட் டவுன்’ மயக்கமும்

கடலோர ஊருக்கென்று தனிச் சங்கடங்கள் உண்டு. அரசலாறு கடலில் கலக்கும் ஊரில் காற்றோடு ஈரமும் உப்பும் அலுவலகத்துக்குள் வருகின்றன. ரேமின் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படியும். விசிறியில் தூசி ஈரத்தோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். பழைய விண்டோஸில் ஒப்பேற்றிய ரேம், அதிக நினைவகம் கேட்கும் புதியதில் தடுமாறும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்துத் தொடுமுனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்து மறுபடி பொருத்துவது நம் கடைக்காரர்களின் பழைய கைவைத்தியம். பல நேரம் பலிக்கும் வைத்தியமும்கூட. பலிக்காவிட்டால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஓர் இரவு ஓடவிட வேண்டும்.

மின்சாரம் அடுத்தது. அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கோப்புகள் அரைகுறையாக நிற்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையின் நடுவில், யூ.பி.எஸ். பேட்டரி செத்துப்போன மேசையில் பெரிய அப்கிரேடைத் தொடங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

இன்னொரு மயக்கத்தையும் தீர்த்துவிடலாம். ‘ஷட் டவுன்’ கொடுத்துத் திறந்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நினைக்கிறோம். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் விண்டோஸின் மையத்தை அப்படியே வட்டில் எழுதிவைத்துவிட்டு, காலையில் அதையே திரும்ப எடுக்கிறது. கெட்ட டிரைவரும் கூடவே வரும். உண்மையில் புதிதாகத் தொடங்குவது ‘ரீஸ்டார்ட்’தான். அப்கிரேடுக்குப் பிறகு உறையும் கணினியில் பவர் ஆப்ஷன்ஸில் இந்த வசதியை அணைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பத்து நாள் கெடு

எதுவும் பிடிபடவில்லையா? திரும்பிப் போக வழி உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி, அங்கே ‘கோ பேக்’. உங்கள் கோப்புகளைத் தொடாமல் பழைய விண்டோஸை மீட்டுத்தரும். அப்கிரேடு செய்து பத்து நாளுக்குள் செய்தாக வேண்டும். தொடக்கத்தில் முப்பது நாள் இருந்தது. அந்த 2016 ஆனிவர்சரி அப்டேட்டோடு பத்தாகக் குறைத்துவிட்டார்கள். ‘இடம் பற்றவில்லை’ என்று ‘விண்டோஸ்.ஓல்டு’ கோப்புறையை அவசரப்பட்டு அழித்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும்.

மீட்புத் திரையும் எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 10-க்கு விடைகொடுத்த அதே 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட், மீட்புத் திரையில் யூ.எஸ்.பி. விசைப்பலகையையும் மவுஸையும் செயலிழக்கவைத்தது. ஆறு நாள் கழித்து, 20-ஆம் தேதி அவசரத் திருத்தம் வந்தது. அதனால்தான் அப்கிரேடுக்கு முன்பே ஒரு பென்டிரைவில் விண்டோஸ் நிறுவல் வட்டைத் தயாராக வைத்திருப்பது நல்லது. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணும் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் கோப்புகளை எந்தக் கடையாலும் எடுத்துத்தர முடியாது.

அப்டேட்டே வேண்டாமா?

இத்தனையும் படித்துவிட்டு ‘பழசே போதும்’ என்று தோன்றினால், 2017-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்தது. அடைப்பைப் போடாத கணினிகளுக்குள் மே 12 அன்று வான்னாக்ரை நுழைந்தது. பிரிட்டன் மருத்துவமனைகளிலிருந்து ஆந்திரக் காவல்துறை வரை கோப்புகள் பூட்டப்பட்டுப் பணம் கேட்கப்பட்டது.

மறுபக்கம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய விபத்துக்குச் சொல்லப்பட்ட வைத்தியம் என்ன? சேஃப் மோடுக்குள் போய் அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. ஒவ்வொரு கணினியின் முன்னும் ஆள் உட்கார வேண்டியிருந்தது; ஆனால் வட்டை அழிக்க வேண்டியிருக்கவில்லை.

தகுதியில்லாத கணினிக்கு இப்போது இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதன் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அங்கே சேமித்தால் கட்டணமில்லை. இல்லையென்றால் 30 டாலர். இரண்டாவது வழி லினக்ஸ். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லினக்ஸில் கடிதம், கணக்கு, இணையம், தமிழ்த் தட்டச்சு வரை தாராளமாக ஓடும். விரல்ரேகைக் கருவியும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அதில் வேலை செய்யுமா என்பதை மட்டும் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு மாறுங்கள்.

அப்கிரேடுக்கு முன் செய்ய வேண்டியவை

• முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.
• பயாஸ், எஸ்.எஸ்.டி. ஃபர்ம்வேர், கிராஃபிக்ஸ் டிரைவர் மூன்றையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முதலில் புதுப்பியுங்கள்.
• வெளியார் ஆன்டிவைரஸைத் தற்காலிகமாக நீக்குங்கள்.
• பிரிண்டர், டோக்கன், விரல்ரேகைக் கருவி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். முடிந்த பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள்.
• சி டிரைவில் தாராளமாக இடம் இருக்கட்டும்.
• மாதக் கடைசி, சேர்க்கை விண்ணப்ப நாட்கள், வரிக் கணக்குக் கெடு நெருங்கும் வாரம் ஆகியவற்றில் தொடாதீர்கள்.

காரைக்கால், தமிழ்நாடு சூழ்ந்த புதுச்சேரி மண். தலைநகர் வடக்கே சுமார் 130 கிலோமீட்டர். அரசு அலுவலகமோ பள்ளியோ, இங்கே உறைந்த கணினியை அங்கே அனுப்பித் திரும்ப வாங்குவதற்குள் வேலை நின்றுவிடும். ஆகவே கடைக்குக் கொண்டுபோகும்போது ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியிலிருந்து உறைகிறது, அதற்கு முன் கடைசியாக எது மாறியது, சேஃப் மோடில் உறைகிறதா. நல்ல டெக்னீஷியன் அந்தத் தாளைப் பார்த்ததும் எங்கே கைவைப்பது என்று சொல்லிவிடுவார். அதைப் படிக்காமலே ஃபார்மட்டுக்குக் கிளம்புகிறவரிடம் கணினியை ஒப்படைக்காமல், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.